தந்தை விட்டுச் சென்ற இரண்டாம் தொகுதி
(ஆபிரகாம் பண்டிதரும் அவர்தம் மக்களும்)

இராயபுரத்துப் பேதுரு ஆலயம் 1829ஆம் ஆண்டில் படகோட்டிகள் தம் உழைப்பில் சேர்த்த பொருளால் எழுந்தது. துறைமுகம் அமைவதற்கு முன்பு, கரைக்கு வர இயலாமல் நடுக்கடலில் நின்ற கப்பல்களுக்கும் மணற்கரைக்கும் இடையே மசூலாப் படகு செலுத்திய மக்கள் அவர்கள். அவ்வாலயத்திலிருந்து வடக்கே சென்றால் திருவொற்றியூர். தியாகராசர் வந்து தங்கித் திரிபுரசுந்தரியம்மை மீது தெலுங்கில் கீர்த்தனைகள் பாடிய தலம் அது. தெற்கே நடந்தால் பாரிமுனைக்கு அருகில் இராசா அண்ணாமலை மன்றம் நிற்கிறது. அது 1943இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கத்தின் இல்லம். கிறித்தவ வழிபாட்டுப் பாடல், தெலுங்குக் கீர்த்தனை, பழந்தமிழ்ப் பண் என்னும் மூன்று மரபுகளும் இவ்வாறு வடசென்னைக் கடற்கரையில் ஒன்றுக்கொன்று அண்மையில் இருக்கின்றன. அண்மையில் இருந்தும் ஒன்றையொன்று அறியாமலே இருக்கின்றன என்பதுதான் வியப்பு.

இம்மூன்றும் ஒரே கூரையின் கீழ்ச் சந்தித்த வீடு ஒன்று தஞ்சாவூரில் இருந்தது. அது ஆபிரகாம் பண்டிதரின் வீடு. 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலின் ஆசிரியர் என்ற முறையில் தமிழிசை வரலாற்றில் அவர் பெயர் நிலைபெற்றுவிட்டது. ஆயினும் அவர் 1919இல் மறைந்தபோது அந்நூல் முற்றுப்பெறவில்லை. இரண்டாம் தொகுதி வெளிவர இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. அவ்விருபத்தேழு ஆண்டுகளும் அதனைக் காத்து நின்றவர்கள் அவருடைய மக்களே. தந்தையின் கொள்கையையும் தந்தையின் இறைப்பற்றையும் ஒருசேரச் சுமந்த அம்மக்களின் வரலாறு போதிய அளவு பேசப்படவில்லை. பண்டிதரைப் பற்றி மேடைகளில் பேசுவோர் பெரும்பாலும் 1917ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றனர்.

பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள், அந்நாளைய திருநெல்வேலிச் சீமையில் குற்றால மலைத்தொடருக்கு அணித்தான சாம்பவர்வடகரையில் முத்துசாமி, அன்னம்மாள் இணையருக்குப் பிறந்தார். குடும்பம் கிறித்தவக் குடும்பம். தென்பாண்டி நாட்டுச் சீர்திருத்தச் சபைகளில் அக்காலத்தே தமிழ்க் கீர்த்தனை வேரூன்றத் தொடங்கியிருந்தது. அவ்வேரை நட்டவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774 – 1864). அவருடைய தந்தை தேவசகாயம் ஓர் உபதேசியார். மகனோ, ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் பயின்று, இரண்டாம் சரபோசி மன்னருடன் ஒருசாலை மாணாக்கராய் இருந்து, பெத்தலகேம் குறவஞ்சி முதலிய நூல்களைப் பாடிக் கவிராயராய் உயர்ந்தவர். அவருக்குப் பின் அவருடைய வழித்தோன்றல்கள் அவர் பெயரையே பட்டமாகத் தரித்துக் கதாகாலட்சேபம் செய்து வந்தனர். தந்தை பாடியதை மகன் பாடுவதும், மகன் விட்ட இடத்தில் பேரன் தொடங்குவதும் அம்மரபின் இயல்பாயிற்று.

சாஸ்திரியாரின் பாடல்கள் தஞ்சையை விட்டு வெளியேறியதற்கு மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஒரு காரணம். மேனாட்டு மெட்டில் மொழிபெயர்த்துப் பாடிய பாடல்கள் சபையார் நாவில் ஒட்டவில்லை என்பதை உணர்ந்த அவர், கீர்த்தனைகளைத் திரட்டி 1853இல் நூலாக வெளியிட்டார். அதன்பின் ஞாயிறுதோறும் ஆலயங்களில் பல்லவியும் அனுபல்லவியும் சரணமும் ஒலிக்கலாயின. இன்றும் தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயங்களில் பாமாலை ஒரு நூலாகவும் கீர்த்தனை மற்றொரு நூலாகவும் இருப்பது அதன் தொடர்ச்சியே. ஏட்டுச் சுவடியும் கச்சேரி மேடையும் எட்டாத எளிய குடிகளுக்கு இராகத்தின் பெயரையும் தாளத்தின் பெயரையும் அறிமுகம் செய்தவை இக்கீர்த்தனைப் புத்தகங்கள். பாட்டின் தலைப்பில் இராகம், தாளம் ஆகியவற்றைக் குறிக்கும் அவ்வழக்கம் எத்தனை இசைவாணர்களை உருவாக்கியிருக்கும் என்பதை யாரேனும் ஒருவர் ஆராய்தல் வேண்டும்.

இச்சூழலில் வளர்ந்த ஆபிரகாம், திண்டுக்கல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியரானார். சடையாண்டிப் பத்தரிடம் இசை கற்றார். ஒளிப்படக் கலையும் அச்சுக் கலையும் அவரை ஈர்த்தன. எல்லாவற்றிலும் மேலாகச் சித்த மருத்துவம் ஈர்த்தது. மூலிகை தேடிச் சுருளிமலைக்குச் சென்றவர் அங்கே கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டு அவரைக் குருவாக ஏற்றார். பின்னாளில் பண்டிதர் தொட்டவை எல்லாம் அக்குருவின் பெயரைத் தாங்கின. மருந்துகள் கருணானந்தர் பெயரால் வழங்கின. தஞ்சைக்கு வெளியே அமைத்த பண்ணைக்குக் கருணானந்தபுரம் என்று பெயர். ஊரார் அதனைப் பண்டிதர் தோட்டம் என்றனர். இசை நூலும் கருணாமிர்த சாகரம் ஆயிற்று.

ஒரு கிறித்தவர் மலைச் சித்தர் ஒருவரைக் குருவாகக் கொண்டது எவ்வாறு என்று வினவுவோர் உளர். அவருக்கு அதில் முரண் ஏதும் தோன்றியதாகத் தெரியவில்லை. இறைவன் ஒருவன், அவன் அருளிய அறிவு பலர் வழியாக வந்து சேரும், வந்த வழியை மறைப்பது நன்றிகேடு. அவருடைய வாழ்க்கையைக் கூர்ந்து நோக்குவார்க்குப் புலனாகும் நிலைப்பாடு இதுவே. கருணை என்னும் சொல் அவருக்குக் குருவின் பெயராகவும் இருந்தது, கிறித்துவின் இயல்பாகவும் இருந்தது. ஒரே சொல்லில் இரண்டையும் வைத்துப் பேசியது கவிஞர்க்குரிய துணிவு எனலாம்.

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தபின் இருவரும் தஞ்சை லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் பணியேற்றனர். கணவர் தமிழ் கற்பித்தார். மனைவி தலைமையாசிரியராய் இருந்தார். சில ஆண்டுகளில் மருத்துவத் தொழில் பெருகவே பண்டிதர் ஆசிரியப் பணியை விடுத்தார். மருந்து அவருக்குச் செல்வத்தைக் கொணர்ந்தது. அச்செல்வம் பண்ணையாயிற்று, அச்சகமாயிற்று, இறுதியில் இசையாயிற்று. 1909இல் அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் அளித்தது. அந்நாளைய ஆளுநர் லாலியின் பெயரால் அவர் நிறுவிய மின்னச்சகத்தில்தான் பின்னர்ப் பெருநூல் அச்சேறியது.

1907இல் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' வெளிவந்தது. அறிஞர்கள் பெருநூலைக் கொண்டாடும் அளவுக்கு இச்சிறுநூலைக் கருதுவதில்லை. அது நியாயமன்று. இசை பயிலும் பிள்ளைகள் பொருள் விளங்காத தெலுங்குச் சாகித்தியங்களை உருப்போடுவதைக் கண்ட பண்டிதர், கீதமும் சுரஜதியும் கீர்த்தனையும் தாமே தமிழில் இயற்றிச் சுரக்குறிப்போடு அதில் அளித்தார். பாடல்களின் பொருள் இறைவன். அவ்விறைவன் கிறித்தவ நெறியில் அவர் தொழுத இறைவன். தம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயிற்சிக்கு உதவிய பாடல்கள் அவை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். சுரம் பயின்றபோதே அக்குழந்தைகள் வழிபாடும் பயின்றனர். பின்னாளில் அவர்கள் தந்தையின் ஆராய்ச்சியை ஓர் அறிவுத்துறை வாதமாக மட்டும் கருதாமல் குடும்பக் கடமையாக, நேர்ச்சைக் கடனைப் போலக் கருதியதற்கு வித்து இங்கேதான் விழுந்தது எனத் தோன்றுகிறது.

தமிழில் பாட வேண்டும் என்னும் கோரிக்கை 1940களில் இயக்கமாய் எழுந்ததற்கு ஒரு தலைமுறை முன்னரே இம்முயற்சி நிகழ்ந்தது. இதற்கும் முன்பாக மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்னும் கத்தோலிக்கப் பெரியார் தம் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைத் தமிழில் தந்திருந்தார். தமிழ்க் கீர்த்தனையின் வரலாற்றில் கிறித்தவர் பங்கு ஓரத்துக் குறிப்பாக நிற்கத் தக்கதன்று.

பண்டிதரை ஆட்கொண்ட வினா சுருதி பற்றியது. ஒரு தாயியுள் சுருதிகள் எத்தனை? பரதரும் சார்ங்கதேவரும் இருபத்திரண்டு என்றனர். வழிவழியாக அனைவரும் அவ்வாறே சொல்லி வந்தனர். ஆனால் அவ்விருபத்திரண்டையும் நிறுத்திக் காட்டச் சொன்னால் ஒருவர் காட்டுவதும் மற்றவர் காட்டுவதும் ஒத்துவரவில்லை. 1892இல் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் பதிப்பித்தது பண்டிதர்க்கு வழி திறந்தது. அரங்கேற்றுகாதையிலும் ஆய்ச்சியர் குரவையிலும் அமைந்த இசைக் குறிப்புகளை அவர் மருத்துவச் சுவடி படிப்பவரைப் போலப் படித்தார். எந்த அளவு எங்கே மறைத்துச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதைத் தேடினார். சித்தர் நூல்களில் பரிபாடை உண்டு என்பதை அறிந்தவருக்கு இசை நூலிலும் அஃது இருக்கலாம் என்ற ஐயம் எழுந்ததில் வியப்பில்லை.

அவர் கண்டதைச் சுருங்கச் சொல்லலாம். பழைய கணக்கின்படி குரலுக்கு 4 அலகு, துத்தத்திற்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்திற்கு 2. ஆகக் கூட்டினால் 22. இவ்வரிசையில் நான்கும் இரண்டும் ஒன்றுக்கொன்று இரட்டிப்பாய்ப் பொருந்துகின்றன; மூன்று மட்டும் பொருந்தாமல் நிற்கிறது. கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகு குறைத்துச் சொல்லப்பட்டிருக்கிறது என்பது பண்டிதர் முடிவு. குறைந்ததைச் சேர்த்தால் 24. இருபத்துநான்கை இரண்டிரண்டாகப் பகுத்தால் வட்டப்பாலையின் பன்னிரண்டு வீடுகள் கிடைக்கின்றன. ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என நான்கு பாலைகளையும் இவ்வடிப்படையில் அவர் விளக்கினார். அலகுகள் யாவும் ஒரே விகிதத்தில் ஏறிச் செல்வன என்றும், அலகையும் பகுத்து நுண்ணலகு காணலாம் என்றும் சாதித்தார்.

இதனை எல்லாரும் ஏற்கவில்லை. இன்றும் எல்லாரும் ஏற்பதில்லை. சட்சத்திலிருந்து தூய பஞ்சமமாகப் பன்னிரண்டு படி ஏறினால் ஏழு தாயிகளின் முடிவில் மிகச் சிறிய மிகுதி ஒன்று நிற்கும் என்பது உலகெங்கும் இசைக் கணிதர் அறிந்த செய்தி. அம்மிகுதியைப் பன்னிரண்டிலும் பகிர்ந்து சமன் செய்வது ஒரு முறை. அதனை அப்படியே வைத்துக்கொண்டு பாடுவது மற்றொரு முறை. பண்டிதர் சமன் செய்யும் பக்கம் நின்றார். தம்பூராவுக்கு முன் அமர்ந்து பாடும் வித்துவானின் செவி பல இடங்களில் அவருக்கு எதிர்ச்சான்று கூறும். ஆயினும் அவர் ஏன் அவ்வளவு உறுதியாக நின்றார் என்பதைக் கணிதத்தால் மட்டும் விளக்க முடியாது. படைப்பில் மிகுதியும் குறைவும் இன்றி ஓர் ஒழுங்கு உண்டு என்று நம்பியவர் அவர். சுரங்களின் ஒழுங்கு படைத்தவனின் ஒழுங்கே என்று கருதியவர்க்கு, கணக்கில் ஒட்டாது நின்ற மிச்சம் மனிதர் பிழையாகத் தோன்றியதே அன்றி இயற்கையாகத் தோன்றவில்லை. அவருடைய இறையியலை ஒதுக்கிவிட்டு அவருடைய சுருதிக் கொள்கையைப் படிப்பவர்கள் பாதியைத்தான் படிக்கின்றனர்.

அந்நம்பிக்கை அவரை வழி தவறச் செய்த இடமும் உண்டு. முச்சங்க வரலாற்றையும் கடல்கோளையும் விவிலியப் பெருவெள்ளக் கதையோடு இணைத்துத் தென்னிலத்தின் தொன்மையை அவர் எழுதிய பகுதிகள் இன்றைய நிலவியலுக்கு முன் நில்லா. இலெமூரியா என்னும் கருத்தை அக்காலத்து மேனாட்டார் சிலரே பரப்பியிருந்தனர் என்பதையும், ஆதியாகமத்தில் கின்னரக்காரர்க்கெல்லாம் முன்னோனாகக் கூறப்படும் யூபாலின் பெயரை இளமையிலேயே கேட்டு வளர்ந்தவர் இவர் என்பதையும் எண்ணினால் அப்பகுதிகளின் பிறப்பு விளங்கும். விளங்குவது வேறு, ஏற்பது வேறு.

தாம் கண்டதை நான்கு சுவருக்குள் வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாசன சங்கத்தை நிறுவினார். 1914க்குள் ஆறு மாநாடுகள் கூடின. வந்த வித்துவான்களுக்கு வழிச்செலவும் உணவும் உறையுளும் அவர் பொறுப்பு. வந்தவருட் பலர் வைதிக மரபினர். அழைத்தவர் கிறித்தவ மருத்துவர். சுருதி எத்தனை என்ற வழக்கில் கடுஞ்சொல் எழுந்தாலும் பந்தியில் வேற்றுமை எழாதவாறு நடத்தியது அக்காலத்தில் எளிய செயலன்று.

1916 மார்ச்சில் பரோடாவில் கெயிக்வாடு மன்னரின் ஆதரவில், பாத்கண்டே முன்னின்று நடத்திய அகில இந்திய இசை மாநாட்டுக்குப் பண்டிதர் சென்றார். இருபத்திரண்டு சுருதிக் கட்சியினரான கிளெமென்ட்ஸ் போன்றோரும் அங்கிருந்தனர். பண்டிதர் தம் கொள்கையைச் சொற்பொழிவாக மட்டும் வைக்கவில்லை. அவருடைய மகள் மரகதவல்லியும், குடும்பத்தைச் சேர்ந்த கனகவல்லியும் அவையில் வீணையோடு இசைத்துக் காட்டினர். ஒரு தந்தை தம் வாழ்நாள் ஆராய்ச்சிக்கு மகளின் விரல்களைச் சான்றாக நிறுத்தினார் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். குடும்பப் பெண்கள் பொது அவையில் இசைப்பது ஏச்சுக்குரியதாயிருந்த காலம் அது. பிள்ளைகள் ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எழுந்து பாடும் சபை வழக்கம் உள்ள வீட்டில் பிறந்தவர்க்கு அத்தடை குறைவாயிருந்தது. கொள்கையை மகள் கையில் ஒப்படைத்த நாளாகவே அந்நாளைக் கொள்ளலாம்.

மறு ஆண்டு, 1917இல், ஆயிரம் பக்கங்களை விஞ்சிய முதல் தொகுதி வெளிவந்தது. 1919 ஆகஸ்டு 31ஆம் நாள் பண்டிதர் காலமானார். வயது அறுபது.

இவ்விடத்தில் சென்னையைச் சேர்ந்த மற்றொருவரை ஒப்பிட்டு நோக்குதல் தகும். அ.மா. சின்னசாமி முதலியார் என்னும் கத்தோலிக்கர், அரசுப் பணியாளர், தென்னாட்டுக் கீர்த்தனைகளை மேனாட்டுச் சுரக்குறிப்பில் பதிவு செய்யத் தம் பொருளையும் கண்ணொளியையும் செலவிட்டார். 1890களில் அவர் பகுதி பகுதியாக வெளியிட்ட நூல் நின்றுபோயிற்று. ஆயினும் அவருடைய தூண்டுதலால் சுப்பராம தீட்சிதர் தம் குடும்பச் செல்வமான கீர்த்தனைகளை எழுதத் தொடங்கினார். 1904இல் எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. முதலியாரின் பணிக்கு வாரிசாக வந்தவர் அவர் குருதியும் அல்லர், அவர் சமயமும் அல்லர். பண்டிதரின் நிலை வேறு. அவருடைய பணி அவர் வீட்டுக்குள்ளேயே தங்கியது. அது வரமாகவும் இருந்தது, சுமையாகவும் இருந்தது.

ஐரோப்பிய இசையிலும் இதற்கு ஓர் இணை உண்டு. யோகான் செபாஸ்தியான் பாக் 1750இல் இறந்தபோது முடிவுறாது நின்ற இறுதிப் படைப்பை மறு ஆண்டில் அச்சேற்றியதில் அவருடைய மகன் காரல் பிலிப் இம்மானுவேலுக்குப் பங்குண்டு. அவரும் ஆலய இசைப் பணியாளர். இசையை இறைவனுக்குரிய காணிக்கையாகக் கருதியவர். பன்னிரண்டு சுரத்தானங்களில் எதனை ஆதாரமாகக் கொண்டாலும் இனிமை கெடாத சுருதியமைப்பைக் கொண்டாடி 1722இல் ஒரு தொகுப்பும் இயற்றியவர். அங்கே ஓராண்டில் முடிந்த கடன் தஞ்சையில் தீர இருபத்தேழு ஆண்டுகள் ஆயின.

அவ்விருபத்தேழு ஆண்டுகளில் இசையுலகம் மாறிவிட்டது. சென்னையில் சங்கீத வித்வத் சபை எழுந்தது. அதன் அறிஞர் கூட்டங்களில் சுருதி வழக்கு மீண்டும் மீண்டும் வந்தது. 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது; 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. பண்டிதர் தனித்து நின்று கேட்டவை இப்போது திரளான குரல்களாயின. இந்நிலையில் 1946இல் அவருடைய மக்கள் இரண்டாம் தொகுதியை வெளியிட்டனர். இராகங்களை ஆக்கும் முறையும் ஆராயும் முறையும் அதன் பொருள். ஓர் இராகத்துக்கு உயிராய் நிற்கும் சுரங்கள் எவை, விலக்க வேண்டியவை எவை எனச் சோதித்துக் காணும் முறைக்குப் பண்டிதர் இராகபுடம் என்று பெயரிட்டிருந்தார். புடம் என்பது மருத்துவர் சொல். மாசு நீங்குமட்டும் மூலப்பொருளைக் கவசம் செய்து எரு அடுக்கி எரிப்பது. மருந்துச் சாலையில் பிறந்த சொல் இசை நூலில் ஏறியது. அச்சொல்லைத் தந்தையின் வாயிலிருந்தே கேட்டிருந்தவர்கள் பதிப்பித்ததனால்தான் அஃது எவ்விதத் திருத்தமும் பெறாமல் தப்பியது எனக் கருத இடமுண்டு.

அடுத்த ஆண்டு, 1947இல், விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வழியே வெளிவந்தது. அடிகளும் மட்டக்களப்புக் கிறித்தவப் பள்ளியில் பயின்றவர். கணிதமும் தமிழும் ஒருங்கே வல்லவர். அவர் இருபத்திரண்டு அலகையே அடிப்படையாகக் கொண்டார். நூல் வெளிவந்த சில வாரங்களில் அடிகள் மறைந்தார். தமிழகம் அந்நூலைக் கொண்டாடியது. தந்தையின் இருபத்துநான்கு அவ்வளவில் மறக்கப்பட்டுவிடும் என்று பண்டிதரின் மகன் வரகுண பாண்டியன் அஞ்சியிருக்க வேண்டும். 1950இல் அவர் 'பாணர் கைவழி எனப்படும் யாழ் நூல்' என்னும் தம் நூலை வெளியிட்டு, அடிகளின் முடிபுகளை மறுத்தார்.

மறுப்பு கடுமையானது. மறைந்துவிட்ட ஒருவரோடு வாதிடும்போது காட்டத்தக்க மென்மை அதில் எல்லா இடத்தும் இல்லை. ஆராய்ச்சியாளர் ஒருவரின் குரலோடு தந்தைக்காக வாதாடும் மகனின் குரலும் அதில் கலந்து ஒலிக்கிறது. அதனைக் குறையென்று தள்ளிவிடுவதும் சரியன்று. யாழின் வடிவம், நரம்பு, பாலை பிறக்கும் முறை ஆகியவற்றில் அவர் எழுப்பிய வினாக்கள் பல இன்னும் வினாக்களாகவே நிற்கின்றன. 'யாழ் நூ'லைப் படிப்பவர் 'பாணர் கைவழி'யை அருகில் வைத்துக்கொண்டு படித்தல் நலம். அடிகளின் மொழி அழகு. வரகுண பாண்டியனிடம் அவ்வழகு இல்லை. ஆனால் சிறு வயதிலிருந்தே கருவியும் கையுமாக வளர்ந்தவரின் நடைமுறை அறிவு உண்டு.

மூன்றாம் தலைமுறையில் பேரர் து.ஆ. தனபாண்டியன், தஞ்சையில் 1981இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைப் பேராசிரியராய் இருந்து, நுண்ணலகுகளைப் பற்றி எழுதினார். வீட்டுக்குள் இருந்த வழக்கு அவர் காலத்தில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது. பேரரின் நடையில் வழக்காடும் வேகம் தணிந்து விளக்கும் பொறுமை கூடியிருந்தது. குடும்பத்துக்கு வெளியேயும் வழித்தோன்றல் இல்லாமற் போகவில்லை. கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, தமிழிசைக் கலைக்களஞ்சியத்தைத் தனியொருவராய்த் தொகுத்த வீ.ப.கா. சுந்தரம் அவ்வரிசையில் நிற்பவர்.

இவ்வரலாற்றின் முடிவில் ஒரு பங்கீடு நிகழ்ந்தது. தமிழிசையார் பண்டிதரின் சிலப்பதிகார ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டனர். வட்டப்பாலையும் இருபத்துநான்கு அலகும் 1949 முதல் கூடிவரும் பண் ஆராய்ச்சி அவைகளில் பேசப்பட்டன. அவருடைய கிறித்தவக் கீர்த்தனைகள் அங்கே பாடப்பட்டது அரிது. திருச்சபையாரோ அவரைத் தம்மவர் என்று பெருமை பேசினர். ஆனால் ஞானகீர்த்தனை பாடுவோருள் கருணாமிர்த சாகரத்தைப் புரட்டியவர் சிலரே. சமயம் வேண்டாதவர் ஒரு பாதியையும், இசை இலக்கணம் வேண்டாதவர் மறு பாதியையும் கொண்டு போயினர். நூலைப் பகுத்துக்கொண்டவர்கள் அறியாமற் செய்தது அது. பகுக்காமல் வைத்திருந்தவர்கள் அவருடைய மக்கள் மட்டுமே. மரகதவல்லிக்கு வீணையில் அலகு காட்டுவதும் தந்தையின் கீர்த்தனை பாடுவதும் இரு வேறு தொழில்களாய் இருந்திருக்க முடியாது. இரண்டும் அவர் கற்றது ஒரே பாடத்திலிருந்து.

இராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலயப் பாடகர் குழுக்கள் உள்ளன. ஆர்மோனியமும் வயலினும் அறிந்த இளைஞர் அவற்றில் இருக்கின்றனர். இவ்வட்டத்தின் கவிஞர்களுட் சிலர் அவர்களுக்குப் பாட்டெழுதித் தருபவர்கள். 1907ஆம் ஆண்டுத் திரட்டில் உள்ள பாடல்கள் சுரக்குறிப்போடு அச்சில் இருப்பவை. பாடிப் பார்ப்பதற்கு ஆசான் ஒருவர் கிடைத்தால் போதும். அப்பாடல்களைப் பாரிமுனை மன்றத்தில் ஒரு மாலையும் இராயபுரத்து ஆலயமொன்றில் ஒரு மாலையும் பாடச் செய்தால் கேட்பதற்கு இரு திறத்தாரும் வருவர். எந்த மாலையில் யார் எதனைப் புதிதாகக் கேட்டனர் என்பது அப்போது தெரியவரும்.